சிறைவாசலில் நிற்கும் பிள்ளைகளுக்காக: ஒரு கொள்கைப் பிரகடனம்

சித்தூர், திருப்பதி சிறைகளில் தகப்பனோ தாயோ அடைபட்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளியே ஒரு பெரியவர் துணை நிற்க வேண்டும். அதுவும் ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு என்றால் போதாது. பிள்ளை தன் காலில் நிற்கும்வரை நிற்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காக இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, வழக்கு முடிந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும் இருக்கிறார்கள். ஜவ்வாதுமலையிலும் சித்தேரிமலையிலும் வீட்டுக்காரரின் வாய்தா தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இயக்கத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கப்போவதில்லை. ‘கைதிகளின் குழந்தைகள்’ என்று எழுதிய பலகையின் கீழ் ஒரு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்தால், அந்தப் படம் அதன் கல்யாணப் பேச்சுவரை கூடவே வரும். அடையாள அட்டை, சீருடை, ஆண்டுவிழா எதுவும் கிடையாது. துணை நிற்பவரை ‘வழித்துணை’ என்று அழைப்போம். ஊருக்குள் அவர் அக்கா, அண்ணன், சார், டீச்சர், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஏன் இங்கே என்பதைச் சொல்லியாக வேண்டும். செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா, நல்லமலை என்று அதன் எல்லை முடிந்துவிடும். மரம் கப்பலேறிக் கிழக்காசியா போகிறது. அதை வெட்டவும் சுமக்கவும் ஆள் பிடிப்பது திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம், கள்ளக்குறிச்சி மலைகளில். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழகக் கூலிகள் நூற்றுக்கணக்கில் கைதாகி, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்து, 2016இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை அடுத்த காட்டில் அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தார் 12 பேர், தருமபுரி 7 பேர், சேலம் ஒருவர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழகத் தொழிலாளர்கள் ஐந்து பேரின் சடலங்கள் மிதந்தன.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்குமே வரவில்லை. 2013 டிசம்பரில் மூன்றாம் வகுப்பில் இருந்த பையன், அப்பா விடுதலையாகி வந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்தான். நடுவில் இருந்த காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. கொல்லப்பட்ட வனத்துறை அலுவலர்களின் வீட்டிலும் பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். அந்த இழப்பைச் சிறியதென்று சொல்பவருக்கு இங்கே இடமில்லை.

செம்மரம் மட்டுமே எங்கள் கவலை என்று யாரும் எண்ண வேண்டாம். சாராய வழக்கு, திருட்டு வழக்கு, குடும்பத் தகராறில் விழுந்த கொலை வழக்கு என்று இவ்விரு மாவட்டங்களின் உள்ளூர்க் குடும்பங்களும் அதே சிறைவாசலில்தான் நிற்கின்றன. எந்த வழக்கு என்று கேட்டுப் பிள்ளையைச் சேர்க்கவோ ஒதுக்கவோ மாட்டோம். பாலியல் வழக்கில் தகப்பன் உள்ளே இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான். அந்த வழக்கில் பாதிக்கப்பட்டதே அந்தப் பிள்ளை என்றால் மட்டும் சிறைச் சந்திப்பு என்ற பேச்சே எடுக்க மாட்டோம்.

மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போகும் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறோம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர், அங்கிருந்து வேலூர், பிறகு சித்தூர், பிறகு திருப்பதி. நாலு பஸ். மடித்த பிளாஸ்டிக் கவரில் ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, வக்கீல் எழுதிக்கொடுத்த வழக்கு எண். ஜன்னலில் காவலர் தெலுங்கில் கேட்கிறார். அம்மாவுக்குப் புரிவதில்லை. ஏழாம் வகுப்புப் பையன் முன்னால் வந்து வழக்கு எண் எழுதிய தாளை நீட்டுகிறான். மலையில் பேச ஆயிரம் இருந்தது, கம்பிவலைக்கு முன்னால் போனதும் அப்பா கேட்கிறார், “மாடு கன்னு போட்டுச்சா?” “போட்டுச்சுப்பா, கிடாரி.” “தண்ணி காட்டுறியா?” “ம்.” அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். திரும்பும் பஸ்ஸில் பையன் தூங்கிவிடுகிறான். மறுநாள் பள்ளியில் ‘ஏன் வரலை’ என்று கேட்டால் ‘காய்ச்சல் சார்’ என்கிறான்.

அவன் வீட்டுக்கு வரும் நீதிமன்றக் கடிதம் தெலுங்கில் இருக்கும். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியும், தெலுங்கு தெரியாது. அவன் வாத்தியாருக்கும் தெரியாது. போட்டோ எடுத்து யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்த யாரோ பதில் போடுவதற்குள் வாய்தா கடந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்துத் தமிழில் சொல்லக்கூடிய ஆட்கள் ஊர் ஊராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது சித்தூர். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து உண்டாக்கிய மாவட்டம். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது மீதி ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எத்தனை முறை கோடு போட்டாலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் சந்தையில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. இந்த இயக்கம் சித்தூரில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எங்கள் முதல் விதி: மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வழித்துணைகள். ஒருவர் வீட்டுப் பக்கம், ஒருவர் சிறைப் பக்கம். வீட்டுப் பக்கத்தவர் வாரம் ஒருமுறையாவது பிள்ளையைப் பார்ப்பார், பள்ளிக்கு வந்தானா என்று கேட்பார், வீட்டுப் பாடத்தில் உட்காருவார், பேசாமல் இருந்தால் கூடச் சேர்ந்து பேசாமல் இருப்பார். சிறைப் பக்கத்தவர் மனு நாளில் பஸ் நிலையத்தில் காத்திருப்பார், ஜன்னலில் தெலுங்கு பேசுவார், அப்பா எழுதச் சொன்னதை எழுதி அனுப்புவார். உள்ளூர்ப் பிள்ளைக்கு இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கலாம்.

இதனால் பிள்ளை குற்றத்துக்குப் போகாமல் இருக்குமா? பண உதவி கேட்கப் போகும் இடத்திலெல்லாம் முதல் கேள்வி இதுதான். நேராகப் பதில் சொல்கிறோம்.

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பெரிய அளவில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறுவயதில் தன் தகப்பன் சிறை போனதைப் பார்த்த வில்சன் குட் பிற்காலத்தில் பிலடெல்பியா மேயரானார். அவர் முன்னின்று 2000இல் தொடங்கிய ‘அமாச்சி’ என்ற திட்டம், தேவாலயங்கள் வழியாகக் கைதிகளின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணையைச் சேர்த்தது. 2003இல் கூட்டரசே ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்கியது. 2011இல் நிதி நின்றது. இத்திட்டங்களுக்கான பிரசாரத்தில் ஓர் எண் ஓயாமல் ஒலித்தது: கைதிகளின் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபது பேர் சிறைக்குப் போவார்கள் என்று. அந்த எண்ணுக்கு அடியில் ஆய்வு எதுவும் இல்லை. நிதி வாங்க உதவியது. பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. எங்கள் துண்டறிக்கையில் அப்படி ஓர் எண் ஒருநாளும் வராது.

உள்ளபடி தெரிந்தது வேறு. 1995இல் வெளிவந்த ஆய்வொன்று, 10 முதல் 16 வயதுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூத்த துணை கொடுத்து ஒன்றரை ஆண்டு பார்த்தது. இவர்கள் கைதிகளின் பிள்ளைகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் ஒற்றைப் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகள். துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடுவது ஏறக்குறைய பாதி குறைந்தது, கைகலப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அதே தரவை 2002இல் மறுபடி பிரித்துப் பார்த்தபோது, ஓராண்டுக்கு மேல் நீடித்த துணைதான் பயன் தந்தது என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப் போன பிள்ளைகள், துணையே இல்லாத பிள்ளைகளைவிட மனம் சுருங்கிப் போயிருந்தார்கள். ஏற்கெனவே ஒருவர் விட்டுப் போன பிள்ளையை இன்னொருவரும் விட்டுப் போனால் வேறென்ன ஆகும்?

இதைவிடக் கசப்பான ஆய்வும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை 506 பையன்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதியினர் வீட்டுக்கு ஆலோசகர்கள் போய் வந்தார்கள். டியூஷன், மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் குற்றத்தில் குறைந்திருக்கவில்லை. குடியிலும் நோயிலும் சிலர் இன்னும் மோசமாகவே இருந்தார்கள். கோடை முகாமுக்கு மறுபடி மறுபடி அனுப்பப்பட்ட பையன்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று பின்னால் தெரிந்தது. தொல்லையில் இருக்கும் பிள்ளைகளை ஒரே கொட்டகையில் சேர்த்தால் ஒருவருக்கொருவர் வாத்தியாராகிவிடுகிறார்கள். நம் ஊரில் கைதிகளின் பிள்ளைகளுக்கென்றே விடுதி கட்டத் துடிக்கும் நல்ல மனசுக்காரர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நாங்கள் விடுதி கட்ட மாட்டோம், முகாம் நடத்த மாட்டோம். பிள்ளை தன் ஊரில், தன் பள்ளியில், மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும்.

2007இல் வெளியான ஓர் ஒப்பீடும் எங்களை வெகுவாக யோசிக்க வைத்தது. 1953ஐ ஒட்டிப் பிறந்த லண்டன் பையன்களையும் ஸ்டாக்ஹோம் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, பெற்றோர் சிறை சென்றது பிள்ளைகளைக் குற்றத்துக்குத் தள்ளியதா என்று பார்த்தார்கள். லண்டனில் அந்தத் தொடர்பு பலமாக நின்றது. ஸ்வீடனில், பெற்றோரின் குற்றப் பின்னணியைக் கணக்கில் கழித்ததும் சிறையால் மட்டும் வந்த தனிப் பாதிப்பு காணாமல் போனது. தண்டனைக் காலம் குறைவு, குடும்பத்தைச் சந்திக்க வசதி, வீட்டுக்கு அரசின் கைத்தாங்கல், சமூகத்தின் கண்ணில் இரக்கம் – ஆய்வாளர்கள் காரணமாக இருக்கக்கூடும் என்று எண்ணியவை இவை.

எங்கள் முடிவு இது. வழித்துணை பயன் தரும், அளவாகத்தான் தரும், நீடித்தால்தான் தரும், பாதியில் விட்டால் கெடுதல். வீட்டில் கடன் இருக்கும்போது வழித்துணை மட்டும் போதாது. மலைக் கிராமத்தில் பையன் கட்டை வெட்டப் போவதற்கு ரத்தத்தில் ஓடும் எதுவும் காரணமில்லை. அப்பா வாங்கிய அட்வான்ஸ், வக்கீலுக்குப் புரட்டிய வட்டிப் பணம், பஸ் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு தொகையாக நிற்கும். மேஸ்திரி வாசலில் வந்து உட்கார்ந்து, “பையன அனுப்பு, ரெண்டு நடையில கழிச்சுக்கலாம்” என்பார். அந்த நேரத்தில் திருக்குறள் சொல்லிக்கொடுக்கும் அண்ணனால் என்ன செய்ய முடியும்? அவர் கையில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் இருக்க வேண்டும், தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், இலவச சட்ட உதவி மையத்தின் வாசல் பழகியிருக்க வேண்டும். வழித்துணைப் பயிற்சியில் பாதிநேரம் இதற்குத்தான்.

இன்னொன்றையும் பிரகடனம் செய்கிறோம்: குற்றத்தடுப்பு இந்த இயக்கத்தின் நோக்கமென்று எந்தத் தாளிலும் எழுத மாட்டோம். நம் மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1871இல் வெள்ளையர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் குழந்தையைப் பிறந்த அன்றே சந்தேகத்துக்குரியவனாக்கியது. 1897இல் அதைத் திருத்தி, நாலு வயது முதல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க வழிசெய்தார்கள். 1911க்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆந்திரக் கடலோரத்து ஸ்டூவர்ட்புரம் அப்படி எருகுல மக்களைக் குடியேற்றிய ஊர். சட்டம் 1952இல் ஒழிந்தும் ஊர்ப்பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சட்டம் போட்டவர்களும் பிள்ளைகளைக் குற்றத்திலிருந்து காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். கைதியின் மகள் நன்றாகப் படித்து நர்சானால் அதை ‘குற்றம் தவிர்க்கப்பட்டது’ என்று எங்கள் அறிக்கையில் எண்ண மாட்டோம். அவள் நர்சானாள், அவ்வளவுதான்.

மகள் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். குற்றத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்குப் பையன்கள்தான் தெரிவார்கள். அப்பா உள்ளே போனதும் அம்மா செங்கல் சூளைக்கோ காப்பித் தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ போகிறாள். மூத்த பெண் பள்ளியை விட்டுத் தம்பி தங்கைகளைப் பார்க்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவள் எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் வர மாட்டாள், ஆகையால் எந்தத் திட்டத்திலும் வர மாட்டாள். எங்கள் பட்டியலில் பெண்பிள்ளைகள் பாதிக்குக் குறையக்கூடாது. பெண்பிள்ளைக்குப் பெண் வழித்துணைதான்.

காவல் துறைக்கு ஒரு வார்த்தை. வழித்துணை தகவலாளி அல்லர். வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவரிடமும் கேட்காதீர்கள், பிள்ளையிடமும் கேட்காதீர்கள். கேட்டது தெரிந்த நாளில் அந்த வீட்டுக் கதவு எங்களுக்கும் மூடிவிடும். வழித்துணைகளுக்கும் கட்டு உண்டு: பிள்ளையைத் தனியாக எங்கும் அழைத்துப்போகக் கூடாது, மதம் மாற்றவோ கட்சிக்கு இழுக்கவோ கூடாது, அப்பாவைப் பற்றிக் குறைசொல்லக் கூடாது. சேர்வதற்கு முன் பின்னணி விசாரிப்போம். யாராக இருந்தாலும் விசாரிப்போம்.

இரண்டு மாநில அரசுகளிடமும் கேட்பவை. ‘ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு’ வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், தாயோடு சிறையில் வாழும் குழந்தைகளுக்காக விரிவான வழிகாட்டுதல்களைத் தந்தது. ஆறு வயதுவரை தாயோடு இருக்கலாம். அதற்குப்பின் வெளியே காப்பகத்தில் வளரும் பிள்ளை வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க வேண்டும். சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது. ஆந்திரத்தின் பெயரிலேயே வந்த அந்தத் தீர்ப்பின் இரக்கம், தகப்பன் உள்ளே இருக்க வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் நீள வேண்டும். பிள்ளைகள் வரும் சந்திப்பு நாளைப் பள்ளி விடுமுறையில் வையுங்கள். கம்பிவலை இல்லாமல் மடியில் உட்கார விடுங்கள். வேற்று மாநிலக் கைதியின் குடும்பத்துக்குப் போகும் கடிதத்தோடு தமிழில் ஒரு தாள் சேருங்கள். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. சம்பாதிக்கும் ஒரே ஆள் சிறையில் இருக்கும் வீட்டின் விண்ணப்பத்தை எந்த மாவட்டமும் திருப்பி அனுப்பக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, விசாரணைக் கைதியாகக் கிடக்கும் தகப்பனை வீட்டுக்கு அனுப்புவது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. செம்மர வழக்குகளில் அந்த ஒன்று எளிதாக நாலாகிவிடும். ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூர் ஜாமீன்தார் கேட்கிறார்கள். மலையிலிருந்து வந்தவருக்குத் திருப்பதியில் யாரைத் தெரியும்? ஜாமீன்தார் வேறு மாவட்டத்தவர், அவர் சொத்து வேறு மாநிலத்தில் இருக்கிறது என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1978இல் மோதி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். அது ஒரு கொத்தனாரின் வழக்கு. அந்தத் தீர்ப்பைக் கீழ்நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எடுத்துவைப்பது எங்கள் வழக்கறிஞர்களின் வேலை. தகப்பன் திரும்பி வந்தால் வழித்துணை ஒதுங்கி நிற்பார். வாரத்துக்கு ஒருநாள் வரும் அண்ணனைவிட, தினமும் வீட்டில் சோறு தின்னும் அப்பா அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

சேர விரும்புகிறவர்கள் இதைப் படித்த சூட்டில் கையெழுத்துப் போட வேண்டாம். குறைந்தது மூன்று ஆண்டு இதே ஊரில் இருப்பீர்களா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், மாற்றல் எதிர்பார்க்கும் அலுவலர்கள் வழித்துணையாக வேண்டாம். உங்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது, பஸ் நிலையத்தில் காத்திருக்கும் வேலை இருக்கிறது, விண்ணப்பம் நிரப்பும் வேலை இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சொந்தப் பெயரில் பட்டா, வீட்டுவரி ரசீது வைத்திருப்பவர்கள் வயதானவர்களாக இருந்தாலும், பிள்ளைகளோடு பழகத் தெரியாதவர்களாக இருந்தாலும் வாருங்கள். முன்பின் தெரியாத ஒரு கூலிக்கு ஜாமீன்தாராக நிற்க உங்களில் சிலர் முன்வந்தால், சில பிள்ளைகளுக்கு வழித்துணையே தேவைப்படாது.